‘ஸ்ட்ராபெரி’ என்று எழுதிய புட்டிக்குள்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் உணவு ஃபிளேவர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிஸ்கட்டுக்கு வெண்ணெய் மணம், பாக்கெட் பானத்துக்கு லைச்சி மணம், இருமல் மருந்துக்கு செர்ரி மணம் என்று கலப்பதே என் பிழைப்பு. மான்செஸ்டரில் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது என்னிடம் கேட்ட ஓர் உதவியை மறுத்துவிட்டேன். மறுத்த காரணத்தை அவனிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன் என்ற உறுத்தல் இருப்பதால், அவனுடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அவன் அங்கே மின்சிகரெட் பிடிக்கிறான். ஆறு மாதமாக அதற்கான திரவத்தைக் கடையில் வாங்காமல் தானே கலக்கத் தொடங்கியிருக்கிறான். எங்கள் தொழிற்சாலையில் வீணாகும் மாதிரிப் புட்டிகளில் ஸ்ட்ராபெரியும் கஸ்டர்டும் கொஞ்சம் கொடுத்தால் ஊருக்கு எடுத்துப் போவேன் என்றான். வேலையிடத்துப் பொருளை வெளியே கொண்டுவர முடியாது என்பது முதல் பதில். அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் விடவில்லை. “மாமா, கடைல விக்கிறதுல என்ன கலக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்? நானே கலந்தா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல?” என்று கேட்டான்.

வீட்டில் திரவம் கலப்பவர்கள் சொல்லும் காரணங்களிலேயே மிக வலுவானது இதுதான். செலவு குறையும் என்பதும் நமக்குப் பிடித்த சுவையைக் கொண்டுவரலாம் என்பதும் அதற்குப் பின்னால்தான் வரும். அவனுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் எடை போட்டுக் கலக்கிறான். திரவத்துக்கு அடிப்படையான புரோப்பிலீன் கிளைகாலின் (சுருக்கமாக பிஜி) அடர்த்தி 1.04, கிளிசரினின் அடர்த்தி 1.26 என்பதால் ஒரே அளவு சொட்டு ஒரே அளவு எடையாகாது என்பதை, புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு நான் இரண்டு வாரம் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை, அவன் தானாகவே கற்றிருக்கிறான். ஒவ்வொரு ஃபிளேவரையும் முதலில் தனியாகக் கலந்து பார்த்துவிட்டுத்தான் மற்றொன்றோடு சேர்க்கிறான். ஒரு பக்கத்தில் ‘ஸ்ட்ராபெரி 6%, வெனிலா கஸ்டர்ட் 4%, எலுமிச்சை 1%, மீதி கிளிசரின் 70, பிஜி 30’ என்று எழுதி, ஓரத்தில் ‘இனிப்பு அதிகமானால் பழம் செத்துவிடுகிறது’ என்று குறித்திருந்தான். பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டாலைக் கூட்டினால் மற்ற மணங்கள் அமுங்கிப்போகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது அடிபட்டுக் கற்றுக்கொள்வது. பையனுக்கு மூக்கு இருக்கிறது.

ஆனால் ‘உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்’ என்ற வாக்கியம் பொய். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கையிலுள்ள புட்டி அவனிடம் பொய் சொல்கிறது.

‘ஸ்ட்ராபெரி’ என்பது புட்டியின் லேபிளில் ஒரு சொல். எங்கள் கலவைத் தாளில் அது இருபத்தைந்துக்குக் குறையாத வரிகள். பழவாசனைக்கு எத்தில் பியூட்டிரேட், வெந்த சர்க்கரை மணத்துக்கு ஃபியூரனியால், பழம் இப்போதுதான் பறிக்கப்பட்டது என்ற மயக்கத்தை உண்டாக்க, வெட்டிய புல்லின் மணமுள்ள ஹெக்சினால், பாலாடை போன்ற வழவழப்புக்கு லாக்டோன், கடைசியாக, தனியே முகர்ந்தால் பழைய பாலாடைக்கட்டியும் வியர்வையும் கலந்தது போல நாறும் ஓர் அமிலம் மிகச் சிறிதளவு. அந்த நாற்றம் இல்லாவிட்டால் ஸ்ட்ராபெரி பொம்மைப் பழமாகவே நின்றுவிடும் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று. இந்தத் தாள் வாடிக்கையாளருக்குக்கூடப் போகாது. போட்டி நிறுவனங்கள் நகலெடுக்காமலிருக்க அது பூட்டிய அறையில் இருக்கும். ஆகவே நான்கு புட்டிகளைக் கலக்கும் என் மருமகன் நான்கு பொருள்களைக் கலப்பதாக நினைக்கிறான். உண்மையில் நூற்றுக்கு நெருங்கிய பொருள்களைக் கலக்கிறான், அவற்றில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றின் பெயரை அவனுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

‘உணவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதே’ என்று அவன் கேட்டான். போட்டிருக்கிறது, அந்த உறுதிமொழி வயிற்றுக்குக் கொடுத்தது. வாய்வழி போனால் எச்சில், அமிலம், ஈரல் என்று வழிநெடுக அதை உடைப்பதற்கு ஆள் உண்டு. மூச்சுவழி போனால் அந்தக் காவல் எதுவும் கிடையாது. அமெரிக்க ஃபிளேவர் தயாரிப்பாளர்களின் சங்கமே, தாங்கள் தரும் பாதுகாப்பு மதிப்பீடு உண்பதற்கு மட்டும்தான், மின்சிகரெட்டில் இழுப்பதற்கு அது பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விற்பவனே இதற்கு நான் பொறுப்பில்லை என்று சொன்ன பிறகு, வாங்கியவன் புட்டியின் மேலுள்ள எழுத்தை நம்புவது என்ன நியாயம்?

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, வேலையிடத்தில் உடம்பால் தெரிந்துகொண்டது அதிகம். எங்கள் தொழிற்சாலையில் வெண்ணெய் மணம் கலப்பதற்குத் தனியறை உண்டு. கதவுக்கு வெளியே முகத்தை முழுவதும் மூடும் கவசம் தொங்கும். அதை மாட்டி, கன்னத்தோரம் காற்றுக் கசிகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே காற்றை உறிஞ்சும் கூண்டு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே செய்வது நஞ்சில்லை. குழந்தைகள் தின்னும் பிஸ்கட்டுக்கான மணம். தின்றால் ஒன்றும் ஆகாது என்பதால் அதே பொருளை நாவால் சுவைத்துப் பார்க்கிறோம். மூச்சில் போகக்கூடாது என்பதால் கவசம் போடுகிறோம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இலவங்கப்பட்டை மணத்துக்கான செறிவுப் புட்டி ஒன்று என் கை தவறிக் கீழே விழுந்து உடைந்தது. துடைத்துவிடலாம் என்று கவசமில்லாமல் குனிந்தேன். தொண்டையில் மிளகாய்த் தூளைக் கொட்டியது போன்ற அந்த இருமல் அடங்க நான்கு நாள் ஆயிற்று. என் பிழைதான், வேறு யாரையும் சொல்லவில்லை.

வெண்ணெய் அறைக்கு அந்தக் கவசம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஓர் ஆலையில் வேலை செய்த எட்டுப் பேருக்கு, நுரையீரலின் மிகச் சிறு குழாய்கள் தழும்பேறி அடைபடும் மீளாத நோய் வந்தது தெரியவந்தது. வெண்ணெய் மணம் தரும் டயசிட்டைல் என்ற பொருளின் ஆவியே காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். அதற்கு மாற்றாகச் சிலர் சேர்க்கத் தொடங்கிய பென்டேன்டயோன் அதன் ஒன்றுவிட்ட தம்பி. விலங்குச் சோதனைகளில் அதுவும் மூச்சுக்குழாயை அரித்தது. 2015இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 51 மின்சிகரெட் திரவங்களைச் சோதித்தபோது 39இல் டயசிட்டைல் இருந்தது. பிரிட்டனில் விற்கும் மின்சிகரெட் திரவங்களில் அதைச் சேர்க்கத் தடை உண்டு. ஆனால் பிஸ்கட்டுக்காகத் தயாரித்த, வெண்ணெய் மணம் கலந்த கஸ்டர்ட் புட்டியை அந்தத் தடை எப்படித் தடுக்கும்? என் மருமகன் என்னிடம் கேட்டது அப்படிப்பட்ட ஒரு புட்டியைத்தான்.

நேர்மைக்காக இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சிகரெட் புகையிலும் டயசிட்டைல் இருக்கிறது, அதுவும் கூடுதலாகவே. மேலும், சிகரெட் பிடித்து வந்த ஒருவர் மின்சிகரெட்டுக்கு முழுமையாக மாறினால் அவருக்கு நேரும் கெடுதல் குறையும் என்றே பிரிட்டிஷ் மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. அந்த வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் மருமகன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை. நண்பனின் அறையில் மாம்பழ வாசனையில் தொடங்கியவன் அவன்.

இன்னும் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கலந்த திரவத்தை உடனே பயன்படுத்தாமல் இருட்டான அலமாரியில் இரண்டு மூன்று வாரம் ஊறவைப்பார்கள். கஸ்டர்ட், வெனிலா வகைகளுக்கு அப்போதுதான் சுவை கூடுமாம். கூடத்தான் செய்யும், ஊறுகாய் போல. ஆனால் ஊறும்போது நடப்பது என்ன? வெனிலாவின் வெனிலினும் செர்ரியின் பென்சால்டிஹைடும் புரோப்பிலீன் கிளைகாலோடு வினைபுரிந்து, எந்தப் புட்டியிலும் முதலில் இல்லாத அசிட்டால் என்ற புதுப் பொருள்களாக மாறுகின்றன. இதை யேல், டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். அந்தப் புதுப் பொருள்கள் ஆவியிலும் வருகின்றன. மூச்சுப்பாதையின் எரிச்சல் உணர்விகளை, மூலப் பொருளைவிடக் கூடுதலாகவே தூண்டுகின்றன. ஆக, எல்லாப் புட்டிகளின் முழுக் கலவைத் தாளையும் நான் திருடிக்கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாலும், மூன்று வாரம் கழித்து அலமாரியிலிருந்து எடுக்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

நிக்கோட்டினைப் பற்றி அவ்வளவாகப் பேசத் தேவையில்லை, அது கணக்கு. பிரிட்டனில் 50 மில்லிலிட்டர் நிக்கோட்டினற்ற திரவத்தோடு மில்லிக்கு 18 மில்லிகிராம் செறிவுள்ள 10 மில்லிலிட்டர் புட்டி ஒன்றைச் சேர்த்தால் 60 மில்லிலிட்டரில் மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும். அங்கே 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட செறிவில் விற்கக்கூடாது என்பதால் தசமப் புள்ளி இடம் மாறினாலும் அழிவு ஒரு வரம்புக்குள் நிற்கும். 100 மில்லிகிராம் செறிவை இணையத்தில் வரவழைப்பவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. 30 மில்லிலிட்டருக்கு 0.9 ஊற்ற வேண்டிய இடத்தில் 9 ஊற்றினால் கணக்கு என்னவாகும் என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும். கையுறை இல்லாமல் அதைத் தொடவே கூடாது, தோல்வழியே ஏறும்.

இங்கே, சிங்கப்பூரில், அவனுடைய பழைய பள்ளி நண்பன் ஒருவன் சமையலுக்கு விற்கும் பாண்டான் (ரம்பை இலை) எசென்ஸைக் கிளிசரினில் கலக்கலாமா என்று கேட்டானாம். அந்த எசென்ஸ்களில் பல எண்ணெயில் கரைத்தவை, சில சர்க்கரை சேர்ந்தவை. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் அதை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. கொழுப்பு நிமோனியா என்று ஒரு நோய்ப்பெயரே உண்டு. 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். முதன்மைக் குற்றவாளியாகக் கண்டறியப்பட்டது வைட்டமின் ‘இ’ அசிட்டேட். அவை பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவங்கள், அவனுடைய திரவம் அப்படிப்பட்டதன்று என்பது உண்மைதான். ஆனால் வைட்டமின் ‘இ’ அசிட்டேட் மாத்திரையாக விழுங்குவதும் முகத்தில் பூசுவதுமான பொருள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்த நண்பனுக்கு நான் சொல்லியனுப்பிய பதில் இதைவிடச் சுருக்கமானது. இங்கே 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றம். இறக்குமதியும் விற்பனையும் அதற்கு முன்பிருந்தே குற்றம், பாகங்களுக்கும் சேர்த்து. 2025 ஜூலையில் சுகாதார அமைச்சு, பிடிபட்ட கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து இருந்ததாகச் சொன்னது. ஆகஸ்ட் 17 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் இதைப் போதைப்பொருள் பிரச்சினையாகவே கையாளப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் 1இல் எட்டோமிடேட் ‘சி’ வகைப் போதைப்பொருளானது, வெறும் மின்சிகரெட்டுக்கும் முதல் தடவையிலேயே 18 வயதுக்குட்பட்டவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மற்றவருக்கு 700 வெள்ளி அபராதம் வந்தது. இந்தச் சட்டம் கடுமையானது என்று அலுத்துக்கொள்பவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறந்து பார்க்க முடியாத புட்டிக்குள் பிறர் ஊற்றியதை இழுத்துப் பார்க்கும் விளையாட்டுக்கு ஓர் எல்லை வேண்டும்.

அவனோடு பேசி முடித்த மறுநாள், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். எலுமிச்சைக் கலவை ஊற்றிய மின்சிகரெட்டின் பிளாஸ்டிக் டேங்க் இரண்டே நாளில் பனி படர்ந்ததுபோல் மங்கி, விளிம்பிலிருந்து மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. ‘இதுவே இப்படி ஆகுதுன்னா’ என்று இழுத்தான். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள என் தொழில் என்னை விடவில்லை. ஆரஞ்சுத் தோலைப் பலூன்மேல் பிழிந்தால் அதன் எண்ணெய் ரப்பரை இளக்கிப் பலூன் வெடிக்கும், அதற்காக ஆரஞ்சு நஞ்சாகிவிடாது என்றேன். எனக்குச் சாதகமான வாதத்தை நானே உடைத்ததைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். அதன் பிறகுதான் நான் சொன்ன மற்றவற்றை அவன் காதுகொடுத்துக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

மூன்று வார விடுமுறையில் இங்கே இழுக்க வழியில்லாமல், மருந்தாளரிடம் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிவந்து மென்றுகொண்டிருந்தான். 1992இலிருந்து சூயிங்கம் விற்கத் தடையுள்ள ஊரில், 2004க்குப் பிறகு மருந்தாக மட்டும் கிடைக்கும் பொருள் அது. மான்செஸ்டருக்குத் திரும்பும்போது இரண்டு அட்டை பையில் வைத்திருந்தான். தராசையும் குறிப்பேட்டையும் என்ன செய்யப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. சாங்கி விமான நிலையத்தில் ஒரு துண்டை என்னிடம் நீட்டி, புதினா மணம் சகிக்கவில்லை மாமா, இதை யார் கலந்தது என்று கேட்டான். முகர்ந்து பார்த்தேன். மெந்தால் தூக்கல், இலையின் பச்சை மணம் அறவே இல்லை. அவன் சொன்னது சரிதான்.