எல்லையோரக் கடைக் கணக்குகளை முதலில் பட்டியலிடுவோம்

தமிழக–கேரள எல்லையிலுள்ள போடி, கம்பம், குமுளி வட்டாரத்தில் தலைமுறைகளாக ஏலக்காய் வணிகம் செய்த குடும்பங்களின் சிட்டைகளும் பேரேடுகளும், கடை கைமாறும்போதும் பாகப்பிரிவினையின்போதும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுவது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது. அவை அனைத்தையும் ஓரிடத்தில் சேர்ப்பது உடனே நடக்கக்கூடியதன்று. ஆனால் எந்தக் கடையில், எந்த எஸ்டேட் ஆபீஸில், எந்தெந்த ஆண்டுக் கணக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற பட்டியலையாவது இப்போதே எடுத்தாக வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது மலைமேல் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. போடி, கம்பம் போன்ற அடிவாரத்து ஊர்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்தன. அரசு ஆவணங்களும் அதற்கேற்பத் திருவனந்தபுரத்திலும் சென்னையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. மலையில் தோட்டமும் கீழே கடையும் வைத்திருந்த குடும்பத்தின் பேரேட்டில் மட்டுமே இரு பக்கத்து வரவு செலவும் சேர்ந்து இருக்க முடியும். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று, அந்த மலைப்பகுதியை அன்று ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பணத்தை மாற்றிய காலத்தில் அரிசி என்ன விலைக்கு மலையேறியது, தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணிக்கு எவ்வளவு முன்பணம் போனது என்பதையெல்லாம் அத்தகைய கணக்குகளில்தான் தேட வேண்டும்.

இது வரலாற்று ஆர்வலர்களின் தேவை மட்டுமன்று. இடுக்கித் தோட்டங்களில் வாழும் பட்டியல் சாதித் தமிழ்க் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், 1950க்கு முன்பே முன்னோர் அங்கு குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமானது என்பதால் அவர்களிடம் பட்டாவும் இல்லை, வீட்டுவரி ரசீதும் இல்லை. தாத்தாவின் பெயர் மையில் எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒரே இடம் எஸ்டேட்டின் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு. அதைக் கரையானுக்கு விடுவது ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைக் கரையானுக்கு விடுவதாகும் என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் இதற்குப் போதாது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கணக்குகளை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பின் பொதுவாக எவருக்கும் கடமையில்லை, கூட்டுவணிகக் கடைகளை அந்தச் சட்டம் தொடுவதே இல்லை. டாடா குழுமம் 1991இல் புனேயில் தனக்கென ஆவணக் காப்பகம் அமைத்துக்கொண்டது. நம் கமிஷன் கடைகளுக்கு அது இயலாது. பிரிட்டனில் வணிக ஆவணங்களைக் காப்பதற்கென்றே 1934இல் ஓர் அமைப்பு தொடங்கி, ஆவணங்களை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, இருப்பதைக் கணக்கெடுக்கும் வேலையையும் செய்துவந்திருக்கிறது. நமக்குப் பொருந்துவது அந்த வழிதான்.

வரி, சொத்து வழக்கு, பழைய கடன் குறித்த அச்சம் உரிமையாளர்களுக்கு இருப்பது நியாயமே. எனவே ஐம்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட கணக்குகளைத் திறக்கவே வேண்டாம். அலமாரி எங்கே இருக்கிறது, ஆண்டுகள் எவை என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். போடி, உத்தமபாளையம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து, கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர்கள் உடனிருந்து அந்தப் பழைய எழுத்தைப் படித்துச் சொல்லக்கூடிய இந்த ஆண்டுகளிலேயே பணியைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.