லூயிபர்க்குக்கு மாற்றாகச் சென்னை

கர்நாடகப் போர்கள் நம் பாடநூல்களில் பெரும்பாலும் ஆற்காட்டு நவாப் பதவிக்கான வாரிசுச் சண்டையாகவும், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கும் ஆங்கிலேயரின் கிளைவுக்கும் இடையிலான போட்டியாகவுமே இடம்பெறுகின்றன. அச்சண்டைகளின் கயிற்றின் மறுமுனை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் இழுபட்டுக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சிறிய குறையன்று என்பதே என் உறுதியான கருத்து.

1745இல் நியூ இங்கிலாந்துக் குடியேறிகளின் படை, ஆங்கிலேயக் கடற்படையின் துணையோடு, இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் எழுப்பியிருந்த லூயிபர்க் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், மொரீஷியஸ் தீவின் ஆளுநர் லா போர்தொனே தாம் திரட்டி வந்த கப்பல்களைக் கொண்டு சென்னையைக் கைப்பற்றினார். 1748இன் அய்-லா-சபேல் உடன்படிக்கை இரண்டையும் மாற்றிக் கொடுத்தது: லூயிபர்க் பிரான்சுக்கு, சென்னை இங்கிலாந்துக்கு. தாங்கள் உயிர் கொடுத்துப் பிடித்த கோட்டை பறிபோனதே என்று நியூ இங்கிலாந்துக்காரர்கள் கொதித்தார்கள். சென்னையில் குடியிருந்தவர்களை ஒரு சொல் கேட்டவர் எவருமில்லை.

இதில் கடற்படைக்கு இருந்த பங்கை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்கத் தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் போர்க்கப்பல்கள் கரையை விட்டு விலகியே ஆக வேண்டும். 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற லா போர்தொனேயின் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தொடங்கிய சென்னை முற்றுகையும், 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் கைவிடப்பட்டது. திருகோணமலைக்காக இத்தனை அரசுகள் மோதிக்கொண்டதற்கும் காரணம் அதன் இயற்கைத் துறைமுகம்தான்.

இவற்றின் விலையைத் தந்தவர்கள் இம்மண்ணின் மக்கள். பிரெஞ்சுக்காரர் மீண்டும் வருவர் என்ற அச்சத்தில், கோட்டைச் சுவரை ஒட்டி, இந்தியர்கள் குடியிருந்த கருப்பர் நகரத்தின் வீடுகள் பீரங்கிகளுக்கு வெட்டவெளி வேண்டித் தரைமட்டமாக்கப்பட்டன. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிக்கப்பட்டு, பின்னர் பூக்கடைப் பகுதியில் புதிதாக எழுப்பப்பட்டது. பழைய கோயில் நின்ற இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் இருக்கிறது.

இதைவிடத் துயரமானது அமெரிக்க விடுதலைப் போரோடு நமக்கிருந்த தொடர்பு. 1778இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் போரில் இறங்கவே, ஆங்கிலேயர்கள் 1779இல் மலபார்க் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த மாகியைப் பிடித்தார்கள். மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. அவருடைய நெடுநாள் மனக்கசப்போடு இதுவும் சேர, 1780இல் அவர் படை ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகச் சமவெளியில் இறங்கிற்று. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, பஞ்சம் பின்தொடர்ந்தது. அந்த உழவர்களுக்கும் வட அமெரிக்கக் குடியேறிகளின் வரி வழக்குக்கும் என்ன தொடர்பு?

1783 ஜனவரியிலேயே ஐரோப்பாவில் பூர்வாங்க அமைதி உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேராததால், ஜூன் மாதத்தில் கடலூரில் கரையிலும் கடலிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். இரு தரப்பிலும் இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். பின்னர் வந்த உடன்படிக்கைகள் புதுச்சேரியைப் பிரான்சுக்கும் திருகோணமலையை டச்சுக்காரருக்கும் திருப்பித் தந்தன. அமெரிக்க விடுதலைப் போரைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், அதே வகுப்பில் கடலூரையும் மாகியையும் வரைபடத்தில் சுட்டிக்காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.