வெள்ளைக் கரடியைக் காக்க வேண்டுமா, கறுப்புக் கரடியைச் சுடுவதை நிறுத்துங்கள்

பாசி படர்ந்த பாறைமேல் வாயில் மீனோடு நிற்கும் வெள்ளைக் கரடியின் படத்தை அடிக்கடி யாராவது பகிர்கிறார்கள். பனிக்கரடிக் கலப்பு என்றும், நிறமி இல்லாமல் பிறந்த குட்டி என்றும் கீழே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. அது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோர மழைக்காட்டில் வாழும் கருங்கரடிதான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்கிலும் கண்ணிலும் நிறம் அப்படியே இருக்கும். எம்சி1ஆர் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தால் ரோமம் மட்டும் வெளுத்திருக்கிறது. மனிதர்களுக்குச் செம்பட்டை முடி வருவதும் இதே மரபணுவின் வேறு மாற்றங்களால்தான்.

1905இல் இதை விவரித்த அமெரிக்க விலங்கியலாளர் ஹார்னடே தனி இனம் என்றே நினைத்து, விக்டோரியா நகர அருங்காட்சியகத்தின் பிரான்சிஸ் கெர்மோடி பெயரைச் சூட்டினார். கெர்மோடி கரடி என்ற பெயர் நிலைத்துவிட்டது. தனி இனம் என்ற கருத்து நிலைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். வெள்ளைக் குட்டி பிறக்க வேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி கறுப்பாகவே இருக்கும், ஆனால் மாற்றத்தை உள்ளே சுமந்துகொண்டு திரியும். இரண்டு கறுப்புக் கரடிகளுக்கு வெள்ளைக் குட்டி பிறப்பது இப்படித்தான். எந்தக் கறுப்புக் கரடி சுமக்கிறது என்று கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. துப்பாக்கியோடு நிற்பவராலும் முடியாது.

இந்த வெண்மை வெறும் அழகுமல்ல. இலையுதிர்காலத்தில் சால்மன் மீன்கள் ஓடைகளில் ஏறி வரும்போது கரடிகள் கணுக்கால் நீரில் நின்று பிடிக்கின்றன. விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளிங்காவும் ரெய்ம்செனும் கவனித்ததில், பகலில் வெள்ளைக் கரடி கறுப்பைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக வெற்றி பெற்றது. நீருக்கடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு, மேகம் மூடிய வானத்தின் பின்னணியில் கறுப்பு உருவம் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளை உருவம் வானத்தோடு கலந்துவிடுகிறது. இரவில் அந்தச் சாதகம் இல்லை.

வெள்ளைக் கரடியைச் சுடுவது நெடுங்காலமாகவே குற்றம். ஆனால் அதன் கறுப்புத் தாயையும் தம்பியையும் உரிமம் வாங்கிச் சுடலாம் என்ற நிலை அண்மைக்காலம் வரை நீடித்தது. படத்துக்கு உகந்ததை மட்டும் காக்கும் சட்டம் எனக்குச் சட்டமாகவே தோன்றவில்லை. கிட்காட், கிட்டாசு ஹைஹேஸ் பழங்குடி மக்கள் விடாமல் கேட்டதால்தான் 2022இல் அவர்களின் பாரம்பரிய நிலத்தில் 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் கருங்கரடி வேட்டையே தடைசெய்யப்பட்டது. கரடிகளை நன்கு அறிந்தவர்களின் சொல் சட்டமாக இவ்வளவு காலமா ஆக வேண்டும்?

தடை வந்துவிட்டது என்று ஓய்ந்துவிடவும் முடியாது. அந்த மக்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மரபணு மாற்றம் முன்பு கணித்ததைவிட அரிது என்கிறது. அது அதிகம் தென்படும் இடங்களில் ஏறக்குறைய பாதி, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே கிடக்கிறது. இந்தக் கரையில் கரடிகள் குளிர்காலத்தைக் கழிப்பதும் குட்டி ஈனுவதும் பெரும்பாலும் முதிர்ந்த பெருமரங்களின் பொந்துகளில். அவ்வளவு பெரிய பொந்து விழ ஒரு மரத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். மரம் வெட்ட உரிமம் தரும் அதிகாரிகள் இந்த ஆய்வின் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும்.