நீட் முடிந்தது, இனி வாயைத் திறக்க வேண்டும்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி என்று நம் பக்கத்திலிருந்து இந்த வருஷம் எம்.பி.பி.எஸ். சேரும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். டெல்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி (உடற்கூறியல்) பாடம் எடுப்பவள் நான்.

பிணத்தைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், மூக்கில் நீர் வடியும், முதல் நாள் மதியம் சோறு இறங்காது. அப்புறம் கை பழகிவிடும். உடலைத் தொடும் முன் எல்லோரும் நின்று உறுதிமொழி எடுக்கிறோம். தன் உடம்பையே நமக்குப் பாடமாகக் கொடுத்துவிட்டுப் போனவர் அங்கே படுத்திருக்கிறார் என்று புரிந்த பிறகு பயம் போய் மரியாதை வந்துவிடுகிறது.

என் கவலை வேறு. நீட்டில் 180 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, ஒன்றைக் கருப்பாக்கினால் போதும். அதற்காகவே வருஷக்கணக்கில் பழகி வந்த பிள்ளையிடம், இங்கே திடீரென்று "சொல்லு" என்கிறோம். எழுத்துத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், படம் வரைய வேண்டும். செய்முறைத் தேர்வில் வைவா, அதாவது நேரில் கேட்கும் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றிலுமே இதுதான் நிலைமை. முதலாண்டில் தடுமாறுகிறவர்களில் பலர் படிக்காதவர்கள் அல்ல. படித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காதவர்கள்.

கல்லூரிக்குள்ளேயே நடத்தும் ஒரு இன்டர்னல் வைவாவில் அரசுப் பள்ளியில் படித்து வந்த ஒரு பெண்ணிடம், நெஞ்சையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பைக் கொடுத்து, எந்தப் பக்கத்து எலும்பு என்று கேட்டேன். அவள் கை தானாகவே எலும்பைத் திருப்பியது. தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், பள்ளம் விழுந்த பரப்பு கீழே. அப்படியே தன் வலது தோள்மேல் சரியாகப் பொருத்தி வைத்துக்கொண்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "தமிழ்ல சொல்லும்மா" என்றேன். மூச்சு விடாமல் சொன்னாள். எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்பது வரை ஒன்றும் விடவில்லை. வாய் திறக்காத அந்த நேரத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இதே பிள்ளைகளைக் கிராமத்துக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். இப்போதைய பாடத்திட்டத்தில் முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, "பாட்டி, சர்க்கரை மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?" என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் அழகே தனி. வகுப்பில் சரளமாக ஆங்கிலம் பேசும் சில பேர் அங்கே தயங்கி நிற்பார்கள். பேசத் தெரியாத பிள்ளைகள் இல்லை இவர்கள். வகுப்பறையில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம்தான் வாயைக் கட்டிப்போடுகிறது.

அதனால் தம்பி, தங்கச்சி, தனியாக உட்கார்ந்து கோடு போட்டுப் படிப்பது மட்டும் போதாது. விடுதி அறையில் ரெண்டு பேர் சேர்ந்து, ஒருவர் கேட்க ஒருவர் சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஆங்கிலப் பெயர்களை ஏற்றுங்கள். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். ரெக்கார்டு நோட்டை அன்றன்றே முடித்துவிடுங்கள். அட்டெண்டன்ஸ் தியரிக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் வேண்டும். வீடு பக்கம்தானே என்று திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடி வந்துகொண்டிருந்தால் அங்கே இடிக்கும். ராகிங் நடந்தால் பொறுத்துப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

பெற்றவர்களுக்கு ஒன்று. ஊருக்கு வந்த பிள்ளையிடம் பக்கத்து வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டினால் நீங்களே தடுத்துவிடுங்கள். மருந்தியல் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தால் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் புலம்பாதீர்கள். பிளஸ் டூவில் ஊரே கொண்டாடிய பிள்ளைக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் தோல்வியாக இருக்கும், தாங்காது. பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வு இருக்கிறது. முதலாண்டுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள் தருகிறது விதி. போனில் "எவ்வளவு மார்க்?" என்று கேட்பதற்குப் பதில், "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி இதயத்தின் நான்கு அறைகளை விளக்கத் தெரிந்த பிள்ளை வைவாவில் தடுமாறாது.

என் சக ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் நம் வகுப்புக்குள் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டோம், சரி. உள்ளே வந்தவர்களைப் பேசவிட வேண்டாமா? இறுதித் தேர்வில் ஆங்கிலம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் இன்டர்னல் வரைக்குமாவது, பதிலைத் தமிழில் சொல்லிவிட்டு மருத்துவச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள். யாருடைய அனுமதியும் இதற்குத் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.