தூர இருந்து சுனாமியைப் பார்த்தவர்களையும் கேளுங்கள், ஆனால் கேட்கும் முறை தெரிந்து கேளுங்கள்

2004 சுனாமியின் நினைவு நாளான டிசம்பர் 26 வந்தால், திருகோணமலைப் பக்கத்தில் திருக்கடலூர், கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று கடலைக் கண்டவர்களிடம் மட்டும்தான் மைக்கை நீட்டுகிறோம். அன்றைக்குத் தோஹாவிலும் ரியாத்திலும் டொரண்டோவிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு, லைன் கிடைக்காத போனோடு மல்லுக்கட்டிய நம்முடைய ஆட்களை யாரும் கேட்பதில்லை. "நீங்கள் அங்கே பத்திரமாகத்தானே இருந்தீர்கள்" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. எந்தச் செய்தி எந்த வழியால் வெளியே போனது, எத்தனை நாள் தொடர்பு அறுந்து கிடந்தது, முதல் காசு யார் கையால் வந்தது என்பதெல்லாம் வெளியே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் சும்மா போனை நீட்டி "சொல்லுங்கோ அண்ணை" என்றால் குழப்பம்தான் பதிவாகும். முதல் குழப்பம் மணிக்கூடு. 2004இல் இலங்கையின் அரச நேரம் உலகப் பொது நேரத்தைவிட 6 மணித்தியாலம் முந்தியது. இன்றைய ஐந்தரை மணி நேரம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அப்போதும் பழைய ஐந்தரைக் கணக்குத்தான். சம்பூர்ப் பக்கத்தவரும் திருகோணமலை நகரத்தவரும் ஒரே அலைக்கு அரை மணி நேர வித்தியாசத்தில் நேரம் சொன்னால் இரண்டு பேரும் சரியாகச் சொல்கிறார்கள் என்றே அர்த்தம். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது நமது அரச நேரப்படி காலை 6.59 அளவில். அலை கிழக்குக் கரைக்கு வந்தது எட்டரை மணியை அண்டி. அந்த எட்டரை, தோஹாவில் விடிய ஐந்தரை, லண்டனில் இரவு இரண்டரை, டொரண்டோவில் முதல் நாள், அதாவது நத்தார் இரவு ஒன்பதரை. கனடாக்காரர் "25ஆம் திகதி இரவு கேள்விப்பட்டேன்" என்றால் திருத்தப் போகாதீர்கள். "உங்கட மணிக்கூட்டில் எத்தனை மணி?" என்று மட்டும் கேட்டு, அப்படியே எழுதிவிட்டு, கணக்கைப் பிறகு நீங்கள் போடுங்கள்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரிது. இப்படியான நாட்கள் படம் பிடித்ததுபோல மனதில் நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். 1986 ஜனவரி 28இல் சலெஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையே, செய்தியை எப்படி அறிந்தார்கள் என்று உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரை மறுபடி கேட்டபோது 11 பேருக்கு முக்கிய விபரம் ஒன்றுகூடச் சரிவரவில்லை. முதல் தடவை 9 பேர்தான் தொலைக்காட்சியில் முதலில் அறிந்ததாக எழுதியிருந்தார்கள். பிறகு அது 19 ஆனது. தங்கள் கையெழுத்திலேயே பழைய பதிலைக் காட்டியும் புதிய கதையைக் கைவிடாதவர்கள் இருந்தார்கள். திரும்பத் திரும்ப ஓடிய காட்சி, ஆள் ஒருவர் வாயால் வந்த முதல் செய்தியைத் தின்றுவிடுகிறது. தூர இருந்தவர்களுக்குக் கண்ட கடல் கிடையாது, திரைதான் கடல். அதனால் அவர்களிடம் இந்தக் கலப்பு இன்னும் கூட.

யாராவது "அன்று மத்தியானமே காலி பஸ் நிலையக் காட்சியை யூடியூப்பில் பார்த்தேன்" என்றால், யூடியூப் பிறந்ததே 2005இல். வாட்சப் 2009. "கிண்ணியாப் பாலத்தால் ஆட்களைக் கொண்டுபோனார்களாம்" என்றால், பாலம் திறந்தது 2009இல், அன்றைக்கு ஓடியது ‘பாதை’ என்கிற மிதவைப் படகுதான். இதற்காக ஆளைப் பொய்யர் ஆக்க வேண்டாம். அந்த இடத்தில் பிந்திய நினைவு கலந்திருக்கிறது என்று கொப்பியில் குறித்தால் போதும்.

கேள்வியை "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று தொடங்காதீர்கள். அழுகை வரும், தகவல் வராது. முதல் நாளிலிருந்து கேளுங்கள்: நத்தாருக்கு எங்கே நின்றீர்கள், மறுநாள் வேலையா? (இங்கே அது ஞாயிறு, போயா என்கிற முழுநிலா விடுமுறை நாள். வளைகுடாவில் அப்போது ஞாயிறு வேலை நாள்.) யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எந்த நம்பருக்கு முதலில் அடித்தீர்கள், யார் எடுத்தது, வீட்டு லைனா, பக்கத்துக் கொமினிகேசனா (காசுக்குப் போன் பேசும் கடையா)? மனநிலையைக் கடைசியில் கேளுங்கள். குடும்பத்தை ஒன்றாக இருத்திக் கேட்கவே கூடாது. சத்தமாகப் பேசும் மாமாவின் கதைதான் பத்து நிமிடத்தில் எல்லோருடைய கதையும் ஆகும்.

பதிவுக்குச் சாதாரண போன் போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். மடித்த துவாயின் மேல், பேசுபவரிடமிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். மேசையில் வெறுமனே வைத்தால் கோப்பை வைக்கும் சத்தமும் இடியாக விழும். நினைவு நாள் வருவதே வாடைக் காலத்தில் என்பதால் தகரக் கூரை வீட்டை நம்பாதீர்கள், ஒரு மழை போதும் அரை மணி நேரப் பேச்சை விழுங்க. வெளிநாட்டில் இருப்பவரோடு வாட்சப்பில் கதைத்தாலும், அவர் பக்கத்தில் இன்னொரு போனில் அவரே பதிந்து, அந்த ஒலிக்கோப்பை வாட்சப்பில் ஆவணமாக (டொக்கியுமென்டாக) அனுப்பட்டும். அழைப்பு வழியே வரும் குரல் உடைந்து நசுங்கித்தான் வரும். சுருக்காத வேவ் வடிவம் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 350 எம்பி பிடிக்கும். இடமில்லையென்றால் எம்4ஏ வடிவில், 128 கேபிபிஎஸ் தரத்தில், 60 எம்பிக்குள் முடியும். பேச்சுக்கு அது தாராளம்.

சான்றுகளையும் அப்போதே கேட்டு வாங்கிப் படமெடுங்கள்: பழைய கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கம், சுரண்டிய தொலைபேசி அட்டை, காசு அனுப்பிய பற்றுச்சீட்டு. அந்த வழுவழுப்பான வெப்பத்தாள் சீட்டுகள் தாமாகவே வெளிறும். பாதுகாக்கிறேன் என்று லெமினேட் செய்தால் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பியவர்களிடம் சீட்டு இருக்காது, அவர்களிடம் தொகையும் வாங்கியவர் யார் என்பதும் மட்டும் கேளுங்கள், இடையில் நின்றவரின் பெயர் வேண்டாம். ஒருவர் வாயால் சொன்ன திகதியும் சீட்டில் உள்ள திகதியும் ஒத்துவராவிட்டால் ஒலிப்பதிவை வெட்டித் திருத்தாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.