கொடியேற்றிய கை எழுதிய கதை

'சாலமன் மன்னரின் சுரங்கங்கள்' நாவலை நேற்று இரவு மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். சிறு வயதில் என்னை மயக்கியது வைரம் குவிந்த குகை. இம்முறை என்னைப் பிடித்து நிறுத்தியது, கதையில் வரும் ஆப்பிரிக்க அரசன் இக்னோசியின் விடைகொடுக்கும் பேச்சு.

இழந்த அரியணையை மீட்ட அவன், ஊர் திரும்பும் மூன்று வெள்ளைக்கார நண்பர்களிடம் சொல்கிறான்: நீங்கள் எப்போது வந்தாலும் வழி திறந்திருக்கும். வேறு எந்த வெள்ளையனும் மலையைத் தாண்டி வரக்கூடாது. துப்பாக்கியும் சாராயமும் விற்கும் வியாபாரி வேண்டாம், பாதிரியும் வேண்டாம்.

எழுதியவர் ஹென்றி ரைடர் ஹாகார்ட். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பண்ணையார் வீட்டின் எட்டாவது பிள்ளை. 1875-இல், 19 வயதில், சம்பளமில்லாத வேலைக்கு, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனின் காலனியாக இருந்த நேட்டாலுக்கு அனுப்பப்பட்டவர். (சென்னையில் கப்பலேறிய நம்மவர்கள் 1860 முதலே அங்கே கரும்புத் தோட்டங்களில் கூலிகளாக உழைத்துவந்தார்கள்.) 1877-இல் பக்கத்திலிருந்த டிரான்ஸ்வால் குடியரசை பிரிட்டன் இணைத்துக்கொண்டபோது, அதன் தலைநகர் பிரிட்டோரியாவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியவர்களில் இவரும் ஒருவர். அப்போது 21 வயதுகூட நிரம்பவில்லை. பிறகு இங்கிலாந்து திரும்பி, ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலுக்குப் பாதியளவு தேறும் கதையைக்கூட உன்னால் எழுத முடியாது என்று சகோதரர் கட்டிய ஐந்து ஷில்லிங் பந்தயத்துக்காகச் சில வாரங்களில் எழுதிய நாவல், 1885-இல் வெளிவந்தது.

கொடியை ஏற்றிய கைதான் இக்னோசியின் மறுப்பையும் எழுதியது. அந்தப் பக்கத்துக்காக இந்த நூலை நான் கைவிட மாட்டேன்.

ஆனால் இக்னோசியின் நாட்டுப் பெண் ஃபவுலாட்டாவை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. அந்த மூன்று வெள்ளைக்காரர்களில் ஒருவனான கேப்டன் குட் (Good) நோயில் கிடந்தபோது அவனை இரவுபகலாகக் காப்பாற்றியவள் அவள். கத்திக்குத்துப்பட்டு உயிர்விடும்போது, சூரியன் இருளோடு சேர முடியாது, அதனால் சாவதில் மகிழ்ச்சிதான் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கிறார் ஹாகார்ட். பின்னர் கதைசொல்லி குவாட்டர்மெய்ன், அவள் போனது ஒருவகையில் நல்லதே, இல்லாவிட்டால் சிக்கலாகியிருக்கும் என்று எழுதுகிறார். ஒரு பெண்ணின் உயிருக்கு அவ்வளவுதான் கணக்கு! சாகசக் கதைதானே, விட்டுவிடு என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். இந்த வரியைப் பத்து வயதில் படிக்கும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். ஆப்பிரிக்கர்களைக் குறிக்கும் ஓர் இழிசொல்லை எழுதிய குவாட்டர்மெய்ன், உடனே, இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, அடித்துவிடுகிறேன் என்கிறார். கண்ணியமான கறுப்பர்களையும் கண்ணியமற்ற பணக்கார வெள்ளையர்களையும் பார்த்திருக்கிறேன் என்கிறார். அடித்துவிட்டதாகச் சொன்ன அந்தச் சொல், என் கையிலிருக்கும் பிரதியில் அப்படியே அச்சாகியிருக்கிறது.