மஞ்சளாக இருந்தால் பழமா?

வாழைப்பழத்தின் தோல் மஞ்சள், உரித்தால் சதை கல்லு மாதிரி, கடித்தால் துவர்ப்பு. கடலூரிலும் புதுச்சேரியிலும் சீப்பு சீப்பாக இதைத்தான் விற்கிறார்கள். ராமாபுரம் பக்கம் புயலுக்குப் பயந்து பயந்து வருஷம் பூரா வளர்த்த தாரை ஒரே ராத்திரியில் பாழாக்குகிறார்களே, வயிறு எரிகிறது!

காயை அவசரமாகப் பழுக்க வைக்கப் போடும் கார்பைட் கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே தடை. ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலின் வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடும் வரும். முற்றாத காயின் தோல்தான் நிறம் மாறுமே தவிர, உள்ளே மாவு சர்க்கரையாகாது. "நாங்க கல்லு வைக்கிறதில்லீங்க, மருந்துதான்" என்று எத்திஃபான் என்ற திரவ மருந்தைக் கரைத்துத் தார் மேலேயே அடிப்பதும் தப்புதான். அந்தத் திரவம் காயில் படவே கூடாது. அதிலிருந்து எழும், காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு மட்டும்தான் காய்க்குப் போக வேண்டும்.

அந்த வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. பத்தடி நீள, அகல, உயர அறைக்கு மூன்று லிட்டர்கூட வேண்டாம். செலவெல்லாம் குளிரூட்டலில்தான், அதில்தான் கை வைக்கிறார்கள். பச்சை வாழை ரகத்துக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும், ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வாயுவை விட்டால் என்ன ஆகும்? 24 டிகிரியைத் தாண்டினாலே தோலில் பச்சையம் சரியாகச் சிதையாது. வெளியே பச்சை, உள்ளே கொழகொழ.

ஏசி போட்டவர்களும் பெட்டிகளை இடைவெளியே இல்லாமல் நெருக்குகிறார்கள். பழுக்கும் காய் தானே சூடு விடும். சுவரில் 17 காட்டும்போது நடுப்பெட்டிக் காய் அதற்கு மேல் போயிருக்கும். 24 மணி நேரம் ஆனதும் கதவைத் திறந்து காற்றோட்டம் விடவும் மனசில்லை. காய் விடும் கரியமில வாயு அறையில் ஒரு சதவீதம் தாண்டினால் எத்திலீனின் வேலை மந்தமாகிவிடும், அப்புறம் வாயுவைக் குறை சொல்லி என்ன பயன்?

மிஞ்சிய காயை ஃபிரிட்ஜில் தள்ளுவது அடுத்த கொடுமை. 13 டிகிரிக்குக் கீழே போன காயின் தோலுக்கடியில் நரம்பு பழுப்பாகும், தோல் சாம்பல் பூக்கும். வெளியே எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. நன்றாகப் பழுத்ததை வைத்தால் தோல் கறுக்கும், சதை தாங்கும். காயை வைக்கவே வைக்காதீர்கள்.

சோதனைக்குப் போகிறவர்கள் கல் பொட்டலத்தைத் தேடினால் மட்டும் போதாது. நடுப்பெட்டியைப் பிரித்து, காய்க்குள்ளே தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள்.